ஆடி மாதத்தில் ஓடும் மார்கழித் தண்ணீர்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஜூலை வெயில் சில நாட்களில் 38 டிகிரியைத் தொட்டுவிடும். வேலூர்க் கத்திரியோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான் குறைவு. அந்த வெயிலில் டேபிள் ராக் அணைக்குக் கீழே, டேனிகோமோ என்னும் நீர்ப்பரப்பில், தூண்டிலோடு இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவர்கள் மார்பு வரை நீர் புகாத உடை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். அது இல்லாவிட்டால் சிறிது நேரத்தில் கால் மரத்துவிடும். தலைக்கு மேல் 38 டிகிரி, முழங்காலுக்குக் கீழே ஏறக்குறைய 10 டிகிரி. அவர்கள் பிடிப்பது டிரவுட். பனி உருகி ஓடும் மலை ஓடைகளின் மீன் அது. வெயில் காயும் அந்த ஆற்றில் அது வாழ்வதற்கு ஒரே காரணம், மேலே நிற்கும் அணை.

போன மழைக்காலத்தில், குடியாத்தம் பக்கத்தில் மோர்தானா அணை நிரம்பி வழிந்துகொண்டிருந்தபோது, கரையில் ஜிலேபி மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பையனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் உடனே, "அண்ணே, இங்கயும்தான் அணை இருக்கு, தண்ணி நிக்குது. குஞ்சு வாங்கியாந்து விட்டா வளராதா?" என்றான். நல்ல கேள்வி. வளராது. ஏன் வளராது என்பதற்குள்தான் இந்த விஷயம் முழுவதும் இருக்கிறது.

தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரியில். அதற்கு மேல் சூடாகச் சூடாக இலேசாகிக்கொண்டே போகும். டேபிள் ராக் ஏரி ஜனவரி, பிப்ரவரியில் மேலிருந்து அடிவரை குளிர்ந்து ஒன்றாகக் கலந்துவிடுகிறது. வசந்தம் வந்ததும் வெயில் மேல்நீரை மட்டும் சூடாக்குகிறது. சூடான நீர் இலேசு, மேலேயே மிதக்கும். குளிர்ந்த நீர் கனம், கீழேயே கிடக்கும். இரண்டுக்கும் நடுவில், சில மீட்டர் ஆழத்துக்குள் வெப்பநிலை சடாரென்று இறங்கும் ஓர் இடைப்படுகை உருவாகும். அது உருவாகிவிட்டால் காற்று எவ்வளவு அடித்தாலும் மேல்நீரும் கீழ்நீரும் கலப்பதில்லை. கோடை முழுவதும் அடியில் அந்தப் பழைய குளிர்காலத் தண்ணீர் அப்படியே இருக்கிறது. மின்சாரம் எடுக்கும் டர்பைன்களுக்குத் தண்ணீர் போகும் வாய், ஏரியின் மேல்மட்டத்திலிருந்து நூறு அடிக்கும் கீழே இருக்கிறது. ஆகவே ஜூலையில் ஆற்றில் விடப்படுவது ஜனவரித் தண்ணீர். தையில் அறுத்த நெல்லைக் குதிரில் கொட்டிவைத்து ஆடியில் எடுத்துப் புழங்குவது போலத்தான் இதுவும்.

டேனிகோமோவின் வரலாறே இதற்குச் சாட்சி. 1913-இல் கட்டிய ஒரு சிறிய அணையால் அது உருவானது. அப்போது அது கோடையில் வெதுவெதுப்பாகும் சாதாரண ஏரி, அந்தச் சூட்டுக்குப் பழகிய மீன்கள்தான். 1958-இல் அதற்கு மேலே டேபிள் ராக் அணை எழுந்தது. அதே பள்ளத்தாக்கு, அதே வெயில், ஆனால் உள்ளே வரும் தண்ணீர் மாறிப்போனது. பழைய மீன்களுக்கு அந்தக் குளிர் ஒத்துவரவில்லை. டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்றும் அணையடியிலேயே உள்ள அரசுக் குஞ்சுப் பண்ணை ஏரித் தண்ணீரில் குஞ்சு வளர்த்து விட்டுக்கொண்டிருக்கிறது. 2019 பிப்ரவரியில் அங்கே பிடிபட்ட ஒரு பழுப்பு டிரவுட் 40 பவுண்டு 6 அவுன்ஸ், நம் கணக்கில் 18 கிலோவுக்கும் மேல். பிடித்தது ஒரு சின்னஞ்சிறு ஜிக்கில், அதாவது ஈயத் தலை வைத்த போலி இரையில்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த டிரவுட் ஆறுகளைக் கொண்டாடுபவர்கள், அணை வருவதற்கு முன் அங்கே வாழ்ந்த மீன்களைச் சுலபமாக மறந்துவிடுகிறார்கள். பக்கத்து ஆர்கன்சாவில் நார்ஃபோர்க் அணைக்குக் கீழே 1957-இல் குஞ்சுப் பண்ணை தொடங்கியதே, அணைகளால் இழந்த மீன்வளத்துக்கு ஈடுகட்டத்தான். ஈடு நன்றாக அமைந்தது என்பது உண்மை. இழப்பு நடந்தது என்பதும் உண்மை.

சரி, மோர்தானாவுக்கு வருவோம். வானவில் டிரவுட்டுக்கு 10 முதல் 16 டிகிரி வரை சுகம். 20-ஐத் தாண்டினால் திணறும். 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. காரணம் ஆக்சிஜன். 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். ஆனால் தண்ணீர் சூடானால் மீனின் உடம்பு வேகமாக இயங்கி அதிகமாகக் கேட்கும். தேவை கூடும் நேரத்தில் கிடைப்பது குறைகிறது. நம் விரால் இதில் மாட்டிக்கொள்வதில்லை. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி அறை வைத்திருக்கிறது. ஏரி வற்றிச் சேறாகும்போதும் மேலே வந்து ஒரு வாய் காற்று இழுத்துக்கொண்டு கிடக்கும்.

அணையின் அடியில் சேர்வது அந்த ஊர்க் குளிர்காலத்தின் தண்ணீர். நம் ஊர்க் குளிர்காலம் எவ்வளவு குளிர்? மார்கழி விடியலில் வேலூரில் போர்வை தேவைப்படலாம். பகலில் வெயில் வந்துவிடும். ஏரித் தண்ணீர் இருபதுக்கு மேலேயே நின்றுவிடும். மோர்தானாவின் முழு நீர்மட்டமே பதினொன்றரை மீட்டர்தான், நிரம்பினால் மேல்நீர்தான் வழிந்து கவுண்டின்யா ஆற்றில் போகிறது. பழைய வடார்க்காட்டின் பெரிய அணையான சாத்தனூர் 119 அடி. ஆழம் இருக்கிறது. ஆனால் சேமித்துவைக்கக் குளிர் வேண்டுமே.

இன்னொரு சிக்கலும் உண்டு, இது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. தண்ணீர் 4-லிருந்து 5 டிகிரிக்குப் போகும்போது அடர்த்தி மாறுவது மிகச் சொற்பம். 29-லிருந்து 30-க்குப் போகும்போது அதைப்போல முப்பது மடங்குக்கும் மேல் மாறுகிறது. அதனால் வெப்பநாட்டு ஏரிகளில் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசமே மேல்நீரையும் கீழ்நீரையும் பிரித்துப் போடப் போதும். கீழ்நீருக்குக் காற்றோடு தொடர்பு அறும். அடியில் மக்கும் இலைதழை இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும், வெப்பத்தில் அது சீக்கிரமே நடக்கும். ஆழம் போதிய அளவு இருந்தாலும் கீழே கிடைப்பது வெதுவெதுப்பான, மூச்சுமுட்டும் தண்ணீர்.

ஏலகிரி உதவுமா என்று கேட்கலாம். 1,100 மீட்டர் உயரம், தரையை விட ஐந்தாறு டிகிரி குறையும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் டிரவுட் நிலைத்தது 2,000 மீட்டருக்கு மேலே, நீலகிரியில். 1907-இல் ஹென்றி சார்ல்டன் வில்சன் அவலாஞ்சியில் வானவில் டிரவுட்டைப் பொரிக்கவைத்து ஓடைகளில் விட்டார். அங்கே அணை உதவத் தேவையில்லை, மலையே குளிர்.

இனி தூண்டில். அணைக்குக் கீழே ஓடும் ஆற்றில் மீனின் சாப்பாட்டைத் தீர்மானிப்பதும் அணைதான். ஆண்டு முழுவதும் ஒரே குளிர், வண்டல் எல்லாம் ஏரியிலேயே தங்கிவிடுவதால் தெளிந்த நீர், அதனால் பாறைகளில் பாசி. இந்தச் சூழலில் பெருகுவது இரண்டு. ஒன்று ஸ்கட் என்னும் இறால் இனத்துச் சிற்றுயிர். மற்றொன்று மிட்ஜ், கடிக்காத கொசு. மழைக்கால மாலையில் ஏரிக்கரை விளக்கைச் சுற்றி மொய்க்குமே, அதே குடும்பம். அதன் புழு சிவப்பு, ஏனென்றால் உடம்பில் ஹீமோகுளோபின் உண்டு. மீன்தொட்டிக் கடையில் பிளட்வார்ம் என்று விற்பது அதைத்தான். அரை சென்டிமீட்டர் புழுவைப் போலச் சின்னத் தூண்டில் முள்ளில் நூல் சுற்றிக் கட்டும் போலி இரைதான் ஃபிளை. பூச்சி போலிருக்கும் என்பதால் அந்தப் பெயர், ஆனால் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் புழுவாகத்தான் வேலை செய்கிறது.

ஃபிளைக்கு எடையே கிடையாது, எறிந்தால் போகாது. அதனால் கனமான, தடித்த நூலை வீசுகிறார்கள், நூல் ஃபிளையை இழுத்துக்கொண்டு போகிறது. ஜிக்கில் நேர்மாறு. ஈயத் தலைக்கு எடை உண்டு, அது மெல்லிய தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கும்.

உறவினர் ஒருவர் கொண்டுவந்த ஜிக் ஒன்று என் மேசையில் இருக்கிறது. ஆறேழு மில்லிமீட்டர் ஈயத் தலை, 2 கிராமுக்கும் குறைவான எடை, முள்ளின் தண்டில் வான்கோழியின் பஞ்சுச் சிறகு. நரம்பு கட்டும் கண் தலையின் மேற்பக்கம் நிமிர்ந்து நிற்கிறது, முள்ளின் நுனியும் அதே பக்கம். அதனால் நரம்பில் தொங்கவிட்டால் முள் நுனி மேல்நோக்கியே இருக்கும், பாறையில் சிக்குவது குறையும். கண்ணாடி டம்ளர்த் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தபோது உப்பலாக இருந்த சிறகு நனைந்ததும் ஒடுங்கியது. நரம்பை அரை அங்குலம் தூக்கினால் இழைகள் ஒட்டிக்கொள்கின்றன, விட்டால் பிரிந்து அலைகின்றன. தலை முதலில் கீழே இறங்குகிறது, சிறகு பின்னால் மூச்சு விடுவதுபோல் விரிகிறது. மீன் பெரும்பாலும் இந்த இறங்கும் நொடியில்தான் கொத்தும். அடிபட்டுச் சாயும் சின்ன மீன் அதற்குச் சுலபமான இரை. குளிர்காலத்தில், டேபிள் ராக் அணை நிற்கும் ஒயிட் ஆற்றின் ஏரிகளில் ஷாட் என்ற சிறுமீன்கள் குளிர் தாங்காமல் செத்து டர்பைன் வழியாக வெளியே வரும்போது, கீழே எல்லோரும் வெள்ளை ஜிக்குக்கு மாறிவிடுவதும் இதனால்தான்.

மீன் எங்கே நிற்கிறது என்பது அடுத்த கேள்வி. ஓட்டத்தில் நீந்திக்கொண்டே இருந்தால் தின்பதை விடச் செலவு அதிகம். ஆகவே பாறைக்குப் பின்னால், வேக நீரும் மெது நீரும் உரசும் விளிம்பில் நின்றுகொண்டு, வருவதை எட்டிப் பிடிக்கிறது. 2003-இல் ஒரு ஆய்வில், ஓடும் நீரில் ஒரு தூண் வைத்து அதன் பின்னால் டிரவுட்டை விட்டார்கள். தூணின் இரு புறமும் மாறி மாறிப் பிரியும் சுழல்களுக்கேற்ப அது உடம்பை வளைத்துக்கொடுத்தது, தசைகளை மிகக் குறைவாகவே இயக்கியது. 2006-இல் வெளியான ஆய்வு அதைவிட வியப்பு. இறந்த டிரவுட்டைத் தூணின் பின்னால் விட்டபோது, சுழல்கள் உடம்பை வளைத்ததில் அது ஓட்டத்தை எதிர்த்து முன்னேறியது. உயிரே இல்லாத உடம்பு எதிர்நீச்சல் போட்டது என்பதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆற்றில் மேல்நீர் வேகம், அடிநீர் மெது. நரம்பு மேல்நீரில் இழுபட்டால் கீழே இருக்கும் ஃபிளையும் தன் பங்குக்கு மேல் வேகமாக ஓடும். உண்மைப் புழு அப்படி ஓடாது, மீன் கண்டுகொள்ளும். அதனால் ஃபிளையின் கழுத்தில் டங்ஸ்டன் மணி கோர்க்கிறார்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனுக்கு 19.3, சின்ன மணியே அடிக்கு இறக்கிவிடும். மேலே ஒரு மிதவை கட்டி, நரம்பைத் தளரவிட்டு, ஓட்டத்தோடு போகவிடுகிறார்கள். அந்த மிதவை நம்மூர்த் தக்கையேதான்.

இத்தனையையும் கலைப்பது மின்சாரம். மாலையில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது டர்பைன்கள் சுழலும், ஆறு திடீரென்று ஏறும். அப்போது நடு ஆற்றில் நிற்பவர் நிலைமை ஆபத்து, அதனால் அணையில் ஹார்ன் அடிப்பார்கள். மீன்கள் கரையோரம் ஒதுங்கும், ஜிக் போடுபவர்களும் கனத்தைக் கூட்டிக்கொண்டு கரையோரமே போடுவார்கள். பூச்சிகளுக்குத்தான் பெரிய அடி. அவை நீரின் ஓரத்தில் முட்டை இடும், தண்ணீர் இறங்கியதும் முட்டை காய்ந்துவிடும். கொலராடோ ஆற்றில், கிளென் கேன்யன் அணைக்குக் கீழே படகில் போகும் பொதுமக்களை வைத்தே மாலைதோறும் விளக்குப் பொறியில் பூச்சி சேகரித்து, 2016-இல் இதை நிறுவினார்கள். அதன்பின் 2018 கோடையில், மின்தேவை குறைவான சனி, ஞாயிறுகளில் மட்டும் தண்ணீரை ஏற்றாமல் இறக்காமல் விட்டுப் பார்த்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் இட்ட முட்டையாவது பிழைக்கட்டும் என்பது கணக்கு. அணையை இடிக்காமல், பொத்தான் அழுத்தும் நேரத்தை மாற்றி ஆற்றுக்கு உதவலாம் என்று யோசித்ததை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

டிரவுட் நமக்கில்லை, ஆனால் இந்த நீரோட்டக் கணக்கு நம் ஊரிலும் செல்லும். ஏரி கோடி போகும்போதும் மோர்தானா வழியும்போதும் பாய்ச்சலின் நடுவில் தூண்டில் போடுவது வீண். பாறைக்குப் பின்னால் நுரை சுழலும் விளிம்பில் போடுங்கள். 2 கிராம் ஜிக்குக்கு ஜிலேபி வரும். அடிவரை இறங்கவிட்டு, கொஞ்சம் தூக்கி, மறுபடி விடுங்கள், இறங்கும்போது நரம்பைக் கவனியுங்கள். அப்புறம், நம் அணைகளிலும் ஏரிகளிலும் மீன்பிடிப்பு பெரும்பாலும் குத்தகையில் இருக்கும். குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். ஆற்றில் தண்ணீர் கூடுதலாகத் திறக்கப்போவதாக அறிவித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம்.