செம்பனைக் கம்பு எங்கே உடைகிறது?

பினாங்கின் நிபோங் திபால் பக்கச் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் மரம் உயர உயர, நீளக் கம்பால் குலை அறுப்பவரின் கழுத்தும் தோளும்தான் முதலில் நோகும். அலுமினியத்தை விட்டுவிட்டுக் கார்பன் ஃபைபர் கம்பு கேட்பது நியாயமே. 40 மி.மீ. சராசரி விட்டம் (உள்ளே 38, வெளியே 42), 2 மி.மீ. சுவர், 8 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். கார்பன் குழாய் சுமார் 3.2 கிலோ, அதே அளவு அலுமினியம் 5.4 கிலோ. அடியைப் பிடித்துக் கிடையாக நீட்டினால், தன் எடையிலேயே கார்பன் கம்பின் நுனி 45 செ.மீ. தொய்யும். அலுமினியம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தொய்யும்.

ஆனால் இது வெறும் குழாயின் கணக்கு. லோரியில் ஏற்ற அதை இரண்டாக்க வேண்டும், நுனியில் அரிவாளைப் பூட்ட வேண்டும். பழுதாகி வரும் கம்புகளில் குழாய் நடுவில் முறிந்தது அரிது. இணைப்பின் வாய் பிளந்திருக்கும், அல்லது பசை விட்டிருக்கும். ஆகவே வடிவமைப்பை இணைப்பிலிருந்து தொடங்குங்கள். குழாய் பிறகு.

குழாய்க்கு 0.15 மி.மீ. கார்பன் இழை அடுக்குகள் 13 போதும்: நீளவாக்கில் 9, சாய்வாகக் கூட்டல் 45, கழித்தல் 45 டிகிரியில் ஒவ்வொன்று, குறுக்கே வளையமாக உள்ளும் புறமும் ஒவ்வொன்று. வளைவை நீள இழைகளும், முறுக்கைச் சாய்வு இழைகளும், நசுங்கலை வளைய இழைகளும் தாங்கும். எடையை இன்னும் குறைக்கிறேன் என்று சிலர் வளைய அடுக்கை எடுத்துவிடுகிறார்கள். அந்தக் குழாய் கிளாம்ப்பை இறுக்கியதும் நீளவாக்கில் விரிசல் விடும். எஞ்சின் கருவிகளின் உள்ளே சுழலும் தண்டுக்கு இந்த அடுக்கு ஆகாது. அங்கே முறுக்குதான் முக்கியம், சாய்வு இழைகளே பெரும்பான்மையாக இருக்க வேண்டும்.

நடு இணைப்பில் ஒரு குழாய் மற்றொன்றுக்குள் நுழையும் நீளம், விட்டத்தைப் போல் மூன்று மடங்காவது, அதாவது 120 மி.மீ. இருக்கட்டும். அரை கிலோ அரிவாளோடு கிடையாகப் பிடித்தால் நடுவில் சுமார் 50 நியூட்டன் மீட்டர் வளைவுத் திருப்புவிசை வரும். 120 மி.மீ. நுழைவில் அது வாயை சுமார் 640 நியூட்டனால் நெம்பும். 40 மி.மீ. மட்டும் நுழைத்தால் அதே வளைவு ஏறக்குறைய 1,900 நியூட்டனாகும். வாய் பிளப்பது இதனால்தான். வெளிக்குழாயின் வாயில் 3 அல்லது 4 வளைய அடுக்குகளைக் கூடுதலாகச் சுற்றுங்கள். கூடும் எடை சில கிராம்தான்.

இரண்டு குழாய்களையும் பூட்டும் பொத்தானுக்குத் துளை போடுவது அடுத்த தொல்லை. துளை என்றால் இழை அறுந்தது என்று பொருள். நீள இழை மட்டும் உள்ள இடத்தில் துளையிட்டால், பொத்தான் இழுத்த திசையில் அப்படியே கிழித்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் சாய்வு அடுக்குகளைச் சேர்த்துத் தடிப்பாக்குங்கள். விளிம்பிலிருந்து துளை மையம், துளை விட்டத்தைப் போல் மூன்று மடங்கு தள்ளி இருக்கட்டும். கார்பைடு முனை, அதிக வேகம், மெதுவான அழுத்தம், உள்ளே மரக்கட்டை. கட்டை இல்லாவிட்டால் உள் அடுக்கு உரிந்துவிடும். தூசுக்கு முகக்கவசம் வேண்டும், பக்கத்தில் மின்கருவி இருக்கக்கூடாது. கார்பன் தூசு மின்சாரத்தைக் கடத்தும்.

அரிவாள் பொருத்த, குழாய்க்குள் செருகும் அலுமினியத் துண்டை (இன்சர்ட்) ஒட்டுவார்கள். கார்பனும் அலுமினியமும் நேராகத் தொட்டால், பினாங்கின் ஈரக்காற்றில் அலுமினியம் வெண்பொடியாக அரிக்கும், பசை தானே கழன்றுவிடும். இடையே ஒரு கண்ணாடி இழை அடுக்கு வையுங்கள். பசைத் தடிப்பு 0.2 மி.மீ. போதும், அதைச் சீராக வைக்க அதே அளவு கண்ணாடி மணிகளைப் பசையில் கலக்கலாம். பசை நீளத்தைக் கூட்டினால் பலம் அதே அளவு கூடாது. சுமை இரு முனைகளில்தான் குவியும், நடுப்பகுதி பெரும்பாலும் சும்மா இருக்கும். இன்சர்ட்டின் முனையைச் சீவி மெலிதாக்குவதே நல்ல வழி. பசையை 80 டிகிரி வெப்பத்தில் இறுகவிட்டால், குளிரும்போது 38 மி.மீ. அலுமினியம் 0.04 மி.மீ. சுருங்கும், கார்பன் குழாய் அவ்வளவு சுருங்காது. வேலை தொடங்கும் முன்பே பசையில் இழுவிசை இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

ஒட்டும் முன் 120 மணல்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் முத்துமுத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருக்கிறது. படலமாகப் பரவினால் நன்றாக உலர்த்தி அன்றைக்கே ஒட்டுங்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த ப்ரீப்ரெக்கை (பிசின் ஏற்கெனவே ஊறிய இழைத் தாள்) அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்காமல் வையுங்கள். முன்பே திறந்தால் காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, சூடேற்றும்போது குமிழியாகும். அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய இபோக்சிப் பசை, வெயிலில் கிடக்கும் கறுப்புக் கம்பில் இளகிவிடும். அடுப்பில் 60 முதல் 80 டிகிரி வரை மறுபடி சூடேற்றாமல் கொடுக்காதீர்கள்.

"ஃபைபர் கம்பு, ஷாக் அடிக்காது" என்ற பேச்சு ஆபத்தானது. கண்ணாடி இழை மின்சாரத்தைத் தடுக்கும், கார்பன் இழை கடத்தும். 11 கிலோவோல்ட் கம்பிக்கு அருகே கார்பன் கம்பு அலுமினியத்தைவிடப் பாதுகாப்பானது அல்ல. கண்ணாடி இழைக் கம்புகூட நனைந்து அழுக்கேறியிருந்தால் நம்பத்தக்கதல்ல. மின்கம்பி ஓரத்து மரங்களை எந்தக் கம்பாலும் அறுக்கக்கூடாது.

தினமும் வேலைக்கு முன் இணைப்பைச் சுற்றி ஒரு நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. ஓரிடத்தில் மட்டும் மந்தமாக ஒலித்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம், வெளியே கீறல்கூடத் தெரியாது. அந்தக் கம்பை அன்றே ஒதுக்கிவிடுங்கள். மேலே டேப் சுற்றுவதால் பிரிந்த அடுக்கு ஒட்டாது.