பெரிய நிக்கோபாரில் பறவை நோக்கச் செல்வோர் கவனத்திற்கு

அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில், போர்ட் பிளேரிலிருந்து (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கிடக்கும் பெரிய நிக்கோபாரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பறவை ஆர்வலர் பலருக்கும் உண்டு. 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2013இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பிலும் சேர்க்கப்பட்ட இத்தீவின் மழைக்காடுகளில், நிக்கோபார் புறாவும் நிக்கோபார் கிளியும் வேறெங்கும் எளிதில் காணமுடியாத இன்னும் சில பறவைகளும் வாழ்கின்றன. தீவுகளில் பறவை ஆய்வு செய்பவன் என்ற முறையில், அங்கு செல்லவிருப்போரிடம் நான் முதலில் வேண்டுவது, மரக்கிளைகளைப் பார்ப்பதற்கு முன் கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள் என்பதே.

இதற்குக் காரணம், பெரும்பாலானோர் தேடிச் செல்லும் நிக்கோபார் மெகாபோடு என்ற பறவை. நாட்டுக்கோழி அளவில், பழுப்பு நிறத்தில், முகத்தில் சிவந்த வெற்றுத்தோலும் உறுதியான பெரிய கால்களும் கொண்ட இப்பறவை மரத்தில் கூடு கட்டுவதில்லை; முட்டைமேல் உட்கார்ந்து அடைகாப்பதும் இல்லை. கடலோரக் காட்டுக்குள் மணல், பவளத்துண்டுகள், உதிர்ந்த இலை தழைகள் ஆகியவற்றைக் காலால் சீய்த்துக் குவித்து மேடு எழுப்புகிறது. இலை தழைகள் மட்கும்போது எழும் வெப்பத்தில்தான் அதனுள் புதைக்கப்பட்ட முட்டைகள் பொரிகின்றன. பொரிக்க இரண்டு மாதத்திற்கும் மேலாகும். வெளியே வரும் குஞ்சுக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. மண்ணைத் தானே கிளறி மேலேறி வந்து, தனியே காட்டுக்குள் ஓடிவிடுகிறது.

பழக்கமில்லாத கண்ணுக்கு இந்த மேடு வெறும் குப்பைக்குவியலாகவே தெரியும். பெரிய மரத்தின் அடியிலோ விழுந்த கட்டையை ஒட்டியோ இருக்கலாம். சில மீட்டர் அகலம்கூட இருக்கும். சுற்றிலும் தரை கூட்டிவிட்டதுபோல் வெறுமையாக இருப்பதும், மேட்டின்மேல் ஈரம் காயாத கருமண் அப்போதுதான் கிளறப்பட்டிருப்பதும், ஆங்காங்கே சிறு குழிகள் தெரிவதும் அது பயன்பாட்டில் இருப்பதற்கான அடையாளங்கள். உள்காடு அடர்ந்தும் குன்றும் ஓடையுமாகவும் இருப்பதால், நடைபயணம் செல்வோர் கடற்கரையை ஒட்டிய மரநிழலில் நடப்பதையே விரும்புவர். மெகாபோடு மேடெழுப்பத் தேர்வதும் பெரும்பாலும் அந்த இடத்தையே. ஒளிப்படத்திற்கு உயரம் கிடைக்கிறதே என்று அதன்மேல் ஏறி நின்றால், மண் இறுகுகிறது; மேலேறி வரும் குஞ்சின் வழி அடைபடுகிறது; முட்டையும் நொறுங்கலாம்.

2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலை இக்கரைகளில் இருந்த மேடுகளில் பெரும்பாலானவற்றை அடித்துச் சென்றது. பேரலையை எழுப்பிய நிலநடுக்கத்தில், தீவின் தென்முனையான இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்து, கரையில் நின்ற கலங்கரை விளக்கம் கடல்நீருக்குள் ஆனது. தப்பிய பறவைகள் புதிய கரையோரத்தில் மீண்டும் மேடெழுப்பின. தீவின் தெற்கில் உள்ள கலாத்தியா விரிகுடாவுக்கு இருந்த சரணாலயத் தகுதியும் துறைமுகத் திட்டத்திற்காக 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. என்னை மிகவும் வருத்தும் முடிவு அது. இந்த நிலையில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு மேடும் முக்கியமானது.

பதிவுசெய்த குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் வழக்கத்தை இங்கே அறவே விட்டுவிட வேண்டும். மெகாபோடு இணைகள் மாறி மாறிக் குரல் கொடுத்துத் தம் எல்லையை அறிவிப்பவை. அயல் குரல் கேட்டால் மேட்டு வேலையை விட்டுவிட்டு அதை விரட்டவே வரும். மேட்டிலிருந்து நன்கு விலகி, ஒரு மரத்தின் பின்னால் அதிகாலையில் அசையாமல் அமர்ந்திருந்தால் போதும், சருகு சீய்க்கும் ஓசையே பறவை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். குடியிருப்புகளிலிருந்து நம் பின்னால் வரும் நாய்களுக்கு இரக்கப்பட்டு பிஸ்கட் போட்டுப் பழக்குவதும் ஆபத்தே. அவை முட்டைகளையும் ஆமைக் குஞ்சுகளையும் தோண்டித் தின்பவை.

ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை ஏழுவரி ஆமைகள் என்னும் பெரிய கடலாமைகள் முட்டையிடக் கரையேறும். அந்த மாதங்களில் வனத்துறையினர் துணையின்றி இரவில் கடற்கரைக்குச் செல்லக் கூடாது. டார்ச் வெளிச்சமும் கேமரா ஃபிளாஷும் முட்டையிட வந்த ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும்.

உங்கள் பாதுகாப்புக்கும் சில சொற்கள். ஆற்று முகத்துவாரங்களில் உவர்நீர் முதலைகள் உண்டு, ஆகவே எவ்வளவு ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் இறங்கிக் கடக்க வேண்டாம். மலேரியா குறித்துப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உள்காடு ஷோம்பென் மக்களின் வாழிடம். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அனுமதியின்றி அப்பகுதிக்குள் நுழைவது குற்றம். நாம் கொண்டுசெல்லும் சாதாரணச் சளியே வெளியுலகத் தொடர்பு குறைந்த அம்மக்களுக்கு உயிராபத்தாகலாம் என்பதால், வழிகாட்டி யாரேனும் அவர்களைக் காட்டுவதாகச் சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

திரும்பி வந்தபின் மேட்டின் படத்தையும் அதன் துல்லியமான இருப்பிடத்தையும் சமூக ஊடகங்களில் வெளியிட வேண்டாம். பார்த்த தேதி, மேட்டின் நிலை, அருகில் நாய்த்தடம் இருந்ததா என்ற விவரங்களை எழுதி, கேம்ப்பெல் விரிகுடா என்ற ஊரில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் நேரில் கொடுத்துவிட்டு வாருங்கள்.