காற்றுத் துப்பாக்கிக்கு எண்ணெய் விடுவதற்கு முன்

பழுது பார்க்க என்னிடம் வரும் காற்றுத் துப்பாக்கிகளில், சுட்டுச் சுட்டுத் தேய்ந்தவை குறைவு. அக்கறையோடு எண்ணெய் விட்டுக் கெடுத்தவையே அதிகம். வீட்டில் இருக்கும் தையல் மெஷின் எண்ணெயை, காற்று வெளிவரும் துளை வழியாக நாலு சொட்டு விட்டுவைப்பவர்கள், அது போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அப்படிச் செய்யமாட்டார்கள்.

நம் ஊரில் பெரும்பாலும் புழங்குவது பேரலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் வகை. பேரலைக் கீழே மடக்கும்போது உள்ளிருக்கும் பிஸ்டன் பின்னுக்கு வந்து, கனமான ஸ்பிரிங்கை அமுக்கி, டிரிகரின் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. டிரிகரை இழுத்ததும் பிஸ்டன் முன்னே பாய, அதற்கு எதிரே இருந்த காற்று மிகச் சிறிய இடத்துக்குள் நெருக்கப்பட்டு, குறுகிய துளை வழியாகச் சீறி, பெல்லட் எனும் சிறு ஈயக் குண்டின் மெல்லிய பின்விளிம்பை விரித்துப் பேரலின் சுருள்வரிகளோடு இறுக்கி வெளியே தள்ளுகிறது. ஆக, இதில் காற்று முன்கூட்டியே அடைத்துவைக்கப்படுவதில்லை. ஒவ்வொரு சூட்டுக்கும் அந்தக் கணத்திலேயே அழுத்தப்படுகிறது. அப்படித் திடீரென அழுத்தப்படும் காற்று கடுமையாகச் சூடேறும். டீசல் இன்ஜினில் தீப்பொறி இல்லாமலே எரிபொருள் பற்றிக்கொள்வது இந்தச் சூட்டினால்தான். துப்பாக்கியில் பிஸ்டனுக்கு முன்னே உள்ள அழுத்த அறையில் எண்ணெய் தேங்கியிருந்தால் அதுவும் பற்றிக்கொள்ளும். சத்தம் பட்டாசு போலக் கேட்கும், பேரல் வாயில் புகை வரும், கருகிய வாடை அடிக்கும். உரிமையாளரோ பவர் கூடிவிட்டதாக மகிழ்ந்துபோவார். சில மாதங்கள் கழித்துப் பிரித்துப் பார்த்தால் காற்று கசியாமல் அடைக்கும் பிஸ்டன் வாஷரின் விளிம்பு கருகிச் சுருண்டிருக்கும். ஸ்பிரிங் ஓரிரு சுற்றில் முறிந்திருப்பதும் உண்டு.

அழுத்த அறைக்குள் போகத் தக்கது, காற்றுத் துப்பாக்கிக்கென்றே விற்கப்படும் சிலிக்கான் எண்ணெய் மட்டுமே, அதுவும் ஒரு சொட்டு. தோல் வாஷர் உள்ள பழைய துப்பாக்கிகளுக்கு அது அவ்வப்போது தேவைப்படும். செயற்கை வாஷருக்கு மிக அரிதாகவே தேவைப்படும். அதே சிலிக்கான் எண்ணெயை ஸ்பிரிங்குக்கும் பேரல் மடங்கும் கீலுக்கும் விடுவது வீண், ஏனென்றால் உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்தில் அது தாங்காது. அங்கே மாலிப்டினம் கலந்த மாலி கிரீஸ் வேண்டும். மேல்பூச்சு துருப்பிடிக்காமலிருக்க, சுட்டு முடித்ததும் கைவியர்வையைத் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை தடவினால் போதும். நுரைப் பஞ்சு வைத்த பெட்டிக்குள் மாதக்கணக்கில் பூட்டிவைக்க வேண்டாம். சென்னைக் காற்றின் ஈரத்தை அந்தப் பஞ்சு விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும்.

அடுத்த கேடு, பெல்லட் இல்லாமல் சுட்டுப் பார்ப்பது. பெல்லட் அடைத்திருக்கும்போது எதிரே தேங்கும் காற்று மெத்தையாக நின்று பிஸ்டனின் வேகத்தைத் தணிக்கிறது. பெல்லட் இல்லாவிட்டால் பிஸ்டன் நேரே போய் இரும்புச் சுவரில் மோதுகிறது. மெரினாவில் பலூன் சுடும் கடைகளில் உள்ள துப்பாக்கிகள் உப்புக்காற்றில் வெளியெல்லாம் துருவேறியும் ஓடிக்கொண்டிருப்பதற்கு, அவற்றை யாரும் வெறுமனே சுடுவதில்லை என்பதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பெல்லட் போடும்போது மடக்கிய பேரலை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கொக்கி நழுவினால் பேரல் படாரென்று மூடிக்கொள்ளும். விரல் நசுங்கும், பேரலும் வளையும். பிஸ்டன் அறையை வீட்டில் கழற்றவும் வேண்டாம். ஏற்றாத நிலையிலும் ஸ்பிரிங் ஓரளவு அமுங்கியேதான் இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்தும் கருவி இல்லாமல் பின்மூடியைத் திறந்தால் முகத்தை நோக்கித் தெறிக்கும்.

கூடுதல் வலுவுள்ள ஸ்பிரிங் போட்டுத் தரச் சொல்லியும் சிலர் வருகிறார்கள். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி சுடும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். 10 மீட்டர் போட்டித் துப்பாக்கிகளோ அதில் பாதிக்கும் குறைவான ஆற்றலோடுதான், அரை மில்லிமீட்டர் அகலமுள்ள பத்துப் புள்ளி வட்டத்தைத் துளைக்கின்றன.

அந்தப் போட்டித் துப்பாக்கிகளில் ஸ்பிரிங் பிஸ்டன் கிடையாது. பேரலுக்குக் கீழே உள்ள சிலிண்டரில் பெரும்பாலும் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்டிருக்கும். ரெகுலேட்டர் அதைக் குறைத்து, ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே அளவாக விடுகிறது. இங்கே எண்ணெயைவிட ஈரமே பெரிய பகை. கம்ப்ரஸரின் ஈரம் உறிஞ்சும் வடிகட்டியைக் காலத்தில் மாற்றாவிட்டால், சிலிண்டர் உள்ளிருந்தே அரிக்கும். மெதுவாக நிரப்புங்கள். எக்காரணம் கொண்டும் ஆக்சிஜனை நிரப்பாதீர்கள், அழுத்தமான ஆக்சிஜனில் துளி கிரீஸ் இருந்தாலும் வெடிக்கும். சிலிண்டரின் மேல் உற்பத்தித் தேதி பொறிக்கப்பட்டிருக்கும். தயாரிப்பாளர் குறித்த காலம் முடிந்துவிட்டால் அது பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் சர்வதேசப் போட்டிகளில் அனுமதி இல்லை. அப்படிப்பட்ட சிலிண்டரை எங்கள் பட்டறையிலும் நிரப்பித் தருவதில்லை.