பாவம்: சொல்லும் பொருளும்

‘பாவம்’ என்னும் சொல் வடமொழியின் ‘பாப’ என்பதிலிருந்து வந்தது. இடையில் நின்ற பகரம் தமிழ் ஒலிப்பில் வகரமாயிற்று. அது நேற்று வந்த சொல்லும் அன்று. ‘பகைபாவம் அச்சம் பழியென நான்கும் இகவாவாம் இல்லிறப்பான் கண்’ (146) என்று குறளிலேயே ஆளப்பட்டிருக்கிறது. பிறன் மனை புகுந்தவனைப் பற்றிப் பேசும் இடத்தில் பாவத்தோடு பகையையும் அச்சத்தையும் வள்ளுவர் சேர்த்துச் சொல்வது கவனிக்கத்தக்கது. இரக்கப்படும்போது ‘ஐயோ பாவம்’ என்கிறோமே, அது தனிக்கதை. பொதுவழக்கில் பாவம் புண்ணியத்துக்கு எதிர்ச்சொல். இரண்டும் ஒருவருடைய கணக்கில் ஏறுபவை. கிறிஸ்தவ வேதத்திலோ பாவம் முதலாவதாக ஓர் உறவில் விழும் முறிவு. ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ (மத்தேயு 6:12) என்ற ஜெபத்தில் கணக்கின் சாயல் உண்டுதான். ஆனால் அங்கும் கடன் கொடுத்தவர் ஒருவர் எதிரே நிற்கிறார்.

எபிரேய மூலத்தில் இதற்கு ஒரே சொல் இல்லை. 51-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களிலேயே மூன்று சொற்கள் வருகின்றன. தமிழ் வேதாகமம் அவற்றை மீறுதல், அக்கிரமம், பாவம் என்று பிரித்துக் காட்டுகிறது. ‘ஆவோன்’ என்னும் அக்கிரமத்தின் வேரில் கோணல் என்ற கருத்து இருக்கிறது. ‘ஹட்டாத்’ என்னும் பாவத்தின் வேர் குறி தவறுவதைக் குறிப்பது; நியாயாதிபதிகள் 20:16-இல் மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறிந்த 700 இடதுகை வீரரைப் பற்றிச் சொல்லும்போது, ‘தப்பாமல்’ என்பதற்கு அந்த வினையே நிற்கிறது. புதிய ஏற்பாட்டின் ‘ஹமார்த்தியா’ என்ற கிரேக்கச் சொல்லின் பழம்பொருளும் இதுவே. மூன்றாவதான ‘பெஷா’ என்னும் மீறுதல் இவற்றினும் கடுமையானது. இஸ்ரவேலின் ராஜாவான ஆகாப் இறந்தபின் மோவாப் நாடு இஸ்ரவேலுக்கு விரோதமாகக் கலகம் பண்ணிப் பிரிந்ததைச் சொல்லும் இடத்திலும் (2 இராஜாக்கள் 1:1) அதன் வினை வருவதால், கட்டுப்பட்ட ஒருவரிடமிருந்து பிய்த்துக்கொண்டு போவது என்ற பொருள் அதில் தெளிவாகத் தெரிகிறது.

நெருக்கம் குலைவதை ஆதியாகமம் 3-ஆம் அதிகாரம் படிப்படியாகக் காட்டுகிறது. ‘இருவரும் நிர்வாணிகளாயிருந்தும், வெட்கப்படாதிருந்தார்கள்’ என்று முந்தைய அதிகாரம் முடிகிறது. கனியைப் புசித்தபின் அவர்கள் செய்யும் முதற்காரியம் அத்தியிலைகளைத் தைப்பது. தோட்டத்தில் வேறு மனிதர் எவரும் இல்லை. எனவே அந்த இலைகள் ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் மறைத்துக்கொள்ளவே தைக்கப்பட்டன என்று கொள்ள இடமுண்டு. தேவனுக்குப் பயந்து மரங்களுக்குள் ஒளிவது அதற்கும் பின்னரே. பிறகு ஆதாம் வாய் திறக்கிறான்: ‘என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள்’. ‘என் எலும்பில் எலும்பு’ என்று கொண்டாடப்பட்டவள் இப்போது குற்றவாளி. அவளைத் தந்த தேவனும் அதே வாக்கியத்தில் குற்றவாளி. கணவன் மனைவி கூடி வாழ்வதையே ‘அறிந்தான்’ (4:1) என்று சொல்லும் நூலில், தன்னை அறியவிடாமல் மறைத்துக்கொள்வது எத்தனை பெரிய இழப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை எப்படிச் சாகிறது என்பதற்கு உரியாவின் கதை போதும். பத்சேபாளோடு செய்த விபசாரத்தை மறைக்கத் தாவீது ராஜா, அவள் கணவனும் தன் போர்வீரனுமான உரியாவைப் போர்க்களத்திலிருந்து அழைத்து, தன் முன்பாகப் புசித்துக் குடிக்கச் செய்கிறான். அது பலிக்காதபோது, அவனை மும்முரமான போர்முகத்தில் நிறுத்திச் சாகவிடும்படி படைத்தலைவன் யோவாபுக்குக் கடிதம் எழுதி, அதை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்புகிறான் (2 சாமுவேல் 11). அவனுடைய விசுவாசமே அவனைக் கொல்லும் கருவியாயிற்று. இத்தனைக்குப் பின், ‘தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து’ என்று தாவீதின் அந்த 51-ஆம் சங்கீதம் சொல்லும்போது, உரியாவுக்கு விரோதமாக இல்லையா என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். உரியாவைப் பட்டயத்தால் மடிவித்ததையே கர்த்தருடைய வார்த்தையை அசட்டைபண்ணியதாக நாத்தான் தீர்க்கதரிசி கண்டித்ததை வைத்துப் பார்த்தால், மனிதனுக்குச் செய்த துரோகம் தேவனுக்குச் செய்த துரோகத்திலிருந்து பிரிக்க முடியாதது என்றே அந்த வரியைப் படிக்க வேண்டும்.

இனி, தமிழில் இதற்கு நேர்ச்சொல் எது? ‘தீவினை’ என்பார் பலர். ஆனால் ‘வினைப்பகை வீயாது பின்சென்று அடும்’ என்பதில் செயலும் செய்தவனும் மட்டுமே இருக்கிறார்கள், காயப்பட்டவர் இல்லை. ‘குற்றம்’ நீதிமன்றத்தை நினைவூட்டுகிறது. என் பார்வையில் ‘ஹட்டாத்’துக்கு மிக அருகில் நிற்பது ‘பிழை’. ‘யானை பிழைத்த வேல்’ (குறள் 772) என்பதில் அது இலக்குத் தவறியதைக் குறிக்கிறது. ‘அரசியல் பிழைத்தோர்’ என்ற சிலப்பதிகாரத் தொடரில் அறம் தவறியதைக் குறிக்கிறது. மூலச்சொல் நடந்த அதே வழி. உயிர்தப்பி வாழ்வதையும் ‘பிழைத்தல்’ என்றே சொல்வது தமிழின் விந்தை.

எனினும் உரியாவுக்கு நேர்ந்ததைப் பிழை என்று சொன்னால், கைதவறி நடந்துவிட்டது என்ற சலுகையைத் தாவீதுக்குக் கொடுத்ததாகிவிடும். அங்கே ‘பெஷா’வின் இடத்தில் ‘துரோகம்’ என்றே சொல்ல வேண்டும். அதுவும் வடசொல்தான், ஆயினும் இளவயதின் மனைவிக்குத் துரோகம் பண்ணினவனிடம் ‘அவள் உன் தோழி’ என்று மல்கியா தீர்க்கதரிசி (2:14) வழக்காடும் இடத்தில் தமிழ் வேதாகமம் அந்தச் சொல்லைத்தான் எடுத்திருக்கிறது.