ஷாமிசெனுக்குக் குதிரை வாங்கும் முன்

வீணையில் தந்திகளைத் தாங்கும் பாகத்தை நாம் குதிரை என்கிறோம். ஜப்பானின் மூன்று தந்தி ஷாமிசெனில் அதே பாகத்துக்குப் பெயர் கோமா. அதற்கும் குதிரைக்குட்டி என்றுதான் பொருள். ஜப்பானில் இசைக்கருவிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்தேன். புதிதாகக் கற்பவர்கள் அந்தக் குட்டியிடம் படும் பாட்டைப் பார்த்தபிறகு சிரிப்பு போய்விட்டது.

மழைக்காலத்தில் ஒருவர் தோல் கிழிந்த ஷாமிசெனோடு வந்தார். மெல்லிய கழுத்துடைய ஹொசோஸாவோ அது; நகவுதா எனும் கபுகி நாடகப் பாட்டிசைக்கானது. அதில் அவர் பூட்டியிருந்ததோ வட ஜப்பானின் நாட்டுப்புற இசையான ட்சுகரு பாணிக்கான பருத்த தந்திகள். "காணொளியில் கேட்ட ஓசை பிடித்துப்போய்விட்டது" என்றார். போதாததற்கு, வாசித்து முடித்தபின் கோமாவை எடுக்காமலே உறையில் போட்டிருக்கிறார். கோமா நிற்பது தோலின்மேல். ஈரக்காற்றில் தளர்ந்து இறுகும் தோல் இரவெல்லாம் அந்த அழுத்தத்தைத் தாங்குமா? தோல் மாற்றும் கூலிக்குத் தந்திகளைப் பல முறை மாற்றியிருக்கலாம்.

கழுத்தின் பருமனைப் பொறுத்து ஷாமிசென் மூன்று வகை: மெல்லிய ஹொசோஸாவோ, நடுத்தரமான சூஸாவோ, பருத்த ஃபுதோஸாவோ. தந்தி, கோமா, மீட்டும் பாச்சி மூன்றையும் இந்த வகையையும் வாசிக்கும் பாணியையும் சொல்லித்தான் கேட்க வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் பழைய தந்தியையும் கோமாவையும் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் பார்த்தே சொல்லிவிடுவார்.

மரபான தந்தி பட்டு. மஞ்சளில் தோய்த்த நிறம். அதிகம் அறுபடுவது மெல்லிய மூன்றாம் தந்திதான். அதை மட்டும் நைலானில் வாங்குவதில் வெட்கம் வேண்டாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பட்டுத் தந்தி பாச்சி படும் இடத்தில் பிசிறு தட்டியதுமே தூக்கி எறிகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தந்தியை முறுக்கும் பிருடையில் சுற்றியிருக்கும் மிச்ச நீளம் எதற்கு? கொஞ்சம் அவிழ்த்து, நைந்த பகுதியைக் கீழே தள்ளிக் கட்டினால் இன்னும் சில நாள் உழைக்கும்.

கோமாவில் பொருளும் உயரமும் முக்கியம். ட்சுகருவுக்கு மூங்கில்; பொம்மலாட்டக் கதைப்பாட்டான கிதாயுவுக்கு ஈயம் பதித்த எருமைக்கொம்பு. உயரத்தை பு என்ற பழைய அளவில் சொல்வார்கள். 1 பு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். உயரம் கூடக்கூடத் தந்தி மேலெழுந்து இடக்கை விரல் நோகும்.

பாச்சியை முதலிலேயே விலை கொடுத்து வாங்காதீர்கள். மரமோ பிளாஸ்டிக்கோ போதும். பழைய பொருள் கடையில் தந்தத்தாலோ ஆமை ஓட்டாலோ ஆன பாச்சி மலிவாகக் கிடைத்தாலும் ஊருக்குக் கொண்டுவர நினைக்கவே வேண்டாம். இரண்டுமே பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டவை.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஷினோபிகோமா ஒன்று வைத்துக்கொள்ளலாம். இந்த நீண்ட கோமா தோலின்மேல் நிற்காமல் மரச்சட்டத்தின் இரு விளிம்புகளிலும் ஊன்றும்; ஓசை பாதியாக அடங்கிவிடும். தோல் மாற்ற முறை வரும்வரை அந்த மனிதர், கிழிந்த கருவியிலேயே இதை வைத்துப் பழகிக்கொண்டிருந்தார். இம்முறை சரியான தந்தியோடு.