வகைமை: ‘ஜானர்’ என்பதற்குத் தமிழில் என்ன?

குமரி மாவட்டத்து எல்லையில் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் போனால் அரசு அலுவலகப் பலகைகளில் ‘வகுப்பு’ என்ற சொல் வந்துகொண்டே இருக்கும். ஆரோக்கிய வகுப்பு, வன வகுப்பு, பொதுமராமத்து வகுப்பு. மலையாளத்தில் வகுப்பு என்றால் அரசுத் துறை. இந்தப் பக்கம் அதே சொல் பள்ளிக்கூடத்து வகுப்பு. மலையாளத்தில் ‘வக’ என்றும் ஒரு சொல் உண்டு, ‘சர்க்கார் வக’ என்பது போல. இன்னாருக்கு உரியது என்று பொருள். இவை எல்லாவற்றுக்கும் வேர் ‘வகு’. பிரி, பங்கிடு, கூறு செய் என்பது அதன் பொருள். வகை, வகுத்தல் கணக்கு, தலைமுடியை இரண்டாகப் பிரிக்கிற வகிடு எல்லாம் அங்கிருந்து வந்தவை.

நாவல் படிப்பவர்கள் இன்று ‘ஜானர்’ என்று சொல்வதற்குத் தமிழில் ஈடாக இருக்கும் ‘வகைமை’யும் இந்த வேரில் பிறந்ததுதான்.

ஜானர் முதலில் சினிமாப் பேச்சாகத்தான் நம்மிடம் வந்தது. “படம் என்ன ஜானர்?” என்று கேட்டுப் பழகியவர்கள் அப்புறம் புத்தகத்துக்கும் அதையே கேட்க ஆரம்பித்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ‘ஜோணர்’ என்கிறார்கள். சொல் பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக வந்தது. பிரெஞ்சு ஒலிப்பில் முதல் எழுத்து மென்மையான ஜகரம் போல இருக்கும். அதைக் காட்டச் சிலர் ‘ழானர்’ என்று எழுதுகிறார்கள். நம் ழகரம் நாவை வளைத்துச் சொல்வது, பிரெஞ்சு ஒலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சொன்னால் ஜானர் என்றே சொல்லலாம், எழுதலாம்.

பிரெஞ்சுச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது ‘கெனுஸ்’ என்ற இலத்தீன் சொல். பிறப்பு, குலம், இனம் என்று பொருள். உயிரியலில் பேரினம் என்று நாம் படிப்பதும் அதுதான். இந்தோ-ஐரோப்பிய மொழிகள் ஒரே குடும்பம் என்பதால் வடமொழியின் ஜன்மம், ஜனம், ஜாதி ஆகியவையும் இதற்கு உறவுச் சொற்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ‘பிறத்தல்’ என்ற பொருள் இருக்கிறது.

ஆக, ஜானர் என்ற சொல்லின் உள்ளே, ஒரு நூல் இன்ன குலத்தில் பிறந்தது என்ற எண்ணம் இருக்கிறது. வகைமையின் உள்ளே இருப்பது, யாரோ ஒருவர் பிரித்து வைத்தார் என்ற எண்ணம். எனக்கு இரண்டாவதுதான் உண்மைக்கு நெருக்கமாகத் தெரிகிறது. பிறப்பை மாற்ற முடியாது, வகிட்டை எந்தப் பக்கமும் எடுக்கலாம். நாவலும் அப்படித்தான். படிப்பவர் எதற்காக எடுக்கிறார் என்பதைப் பொறுத்து ஒரே நாவல் மூன்று வகைமைகளில் நிற்கும்.

நம்மூரை வைத்தே சொல்லலாம். சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ 1891-ல் வந்த மலையாள நாவல். மலையாளத்தின் முதல் சரித்திர நாவல் என்று அதைச் சொல்வார்கள். கதை வேணாட்டில், அதாவது பழைய திருவிதாங்கூரில் நடக்கிறது, பத்மநாபபுரம் அரண்மனை அதில் வருகிறது. குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்கு முன்பு திருவிதாங்கூரில் பள்ளி படித்த விளவங்கோட்டுப் பெரியவர்கள் அதை மலையாளத்திலேயே படித்தவர்கள். அவர்களைக் கேட்டால் சரித்திரம் என்பார்கள். அதே நாவலில் ஒரு காதல் இருக்கிறது. காணாமல் போன ஒருவனுக்கு என்ன ஆயிற்று என்ற மர்மம் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறது. அரசர் பெயர்களில் ஆர்வமில்லாத ஒரு கல்லூரிப் பிள்ளையிடம் “சரித்திர நாவல், படி” என்று கொடுத்தால் பத்துப் பக்கத்தில் திருப்பி வைத்துவிடும். “ஒருத்தன் தொலைஞ்சு போறான், அவன் கதை” என்று கொடுத்துப் பாருங்கள்.

தமிழில் நூல்களைப் பிரிப்பது புதிதல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் நூலுக்குரிய அழகுகளாக எட்டு வனப்புகளைச் சொல்கிறது. அதில் ‘தொன்மை’ என்பது உரையோடு கலந்து வரும் பழைய கதை. ‘விருந்து’ என்பது புதிதாக ஆக்கப்படுவது. ஆங்கில நாவலும் ‘புதியது’ என்ற பொருளுள்ள இத்தாலியச் சொல்லிலிருந்துதான் வந்தது, நம் புதினமும் ‘புது’வை அடியாகக் கொண்டதுதான். உரைநடைக்கும் தொல்காப்பியம் நான்கு வகை சொல்கிறது. அதில் ஒன்று ‘பொருளொடு புணராப் பொய்ம்மொழி’. உலகத்தில் நடக்காத ஒன்றைத் தொடர்ச்சியாகச் சொல்வது. தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பழைய உரையாசிரியரான பேராசிரியர் இதற்கு யானையும் குருவியும் நட்புக் கொண்ட கதையை எடுத்துக்காட்டாகத் தருகிறார். ‘ஃபேன்டசி’க்கு மிகுபுனைவு என்று இன்று நாம் வைத்திருக்கும் பெயருக்கு இவ்வளவு பழைய முன்னோர் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பின்னால், செய்யுள் நூல் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் வந்தன. தூது, உலா, பரணி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று தொண்ணூற்றாறு வகைப் பிரபந்தம் என எண்ணினார்கள். இங்கேதான் வகைமை என்றால் என்ன என்பது தெளிவாகப் புரியும். போர் வெற்றியைப் பாடும் பரணி என்றால் களத்தில் பேய்கள் கூழ் சமைக்கும். கேட்க உட்கார்ந்தவருக்கு அது முன்பே தெரியும். அந்தக் கூழை இந்தப் புலவர் எப்படிச் சமைக்க வைக்கப் போகிறார் என்று பார்ப்பதில்தான் சுவை. துப்பறியும் நாவலிலும் குற்றவாளி கடைசியில் பிடிபடுவான் என்று நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் படிக்கிறோம். எழுதுபவரும் படிப்பவரும் முன்கூட்டியே செய்துகொள்கிற இந்த உடன்பாடுதான் வகைமை.

இப்படிப் பார்த்தால் ஒரு குழப்பம் தீரும். குறுநாவல் என்பது அளவு. தொடர்கதை என்பது வெளியிடும் முறை. பாக்கெட் நாவல், மாத நாவல் என்பவை புத்தகத்தின் வடிவத்தையும் வருகிற கால இடைவெளியையும் சொல்கிற பெயர்கள். இவை எல்லாம் வகைகள்தான், வகைமைகள் அல்ல. துப்பறியும் நாவல், சரித்திர நாவல், குடும்ப நாவல், அறிவியல் புனைகதை, திகில் கதை, மிகுபுனைவு, இவைதான் வகைமைகள். ‘வகை’ என்றாலே போதாதா, ‘மை’ எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். வகை என்பது எப்படி வேண்டுமானாலும் பிரித்த ஒரு கூறு. தன்மை, இனிமை என்பதில் வருகிற அந்த ‘மை’ சேரும்போது, அந்தக் கூறுக்கே உரிய இயல்பு என்று பொருள் குறுகுகிறது.

எல்லையில் இருப்பவர்களுக்கு வகைமைப் பெயர்களில் ஒரு கூடுதல் சிக்கலும் கூடுதல் செல்வமும் உண்டு. துப்பறியும் நாவலை மலையாளத்தில் ‘அபசர்ப்பக நோவல்’ என்பார்கள். ஒற்றனைக் குறிக்கும் வடமொழிச் சொல் அது. நம் ‘துப்பறியும்’ இருக்கும்போது அதை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. ‘சரித்திரம்’ கொஞ்சம் ஏமாற்றும். 1879-ல் அச்சான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல். பெயரில் சரித்திரம் இருந்தாலும் அது சரித்திர நாவல் அல்ல, ஒருவருடைய வாழ்க்கைக் கதை. அந்தக் கால நாவல்கள் பலவற்றின் தலைப்பில் சரித்திரம் அந்தப் பொருளில்தான் வரும். இப்போது ‘வரலாற்றுப் புதினம்’ என்ற பெயரும் இருப்பதால் குழப்பம் குறைந்திருக்கிறது.

நான் தமிழுக்குக் கேட்டு வாங்க நினைக்கிற மலையாளப் பெயர் ‘பைங்கிளி’. முட்டத்து வர்க்கி 1955-ல் எழுதிய ‘பாடாத்த பைங்கிளி’ பெரிய அளவில் படிக்கப்பட்டது. அதன் தலைப்பிலிருந்து, வார இதழ்களில் கண்ணீரும் காதலுமாக வந்த தொடர்கதைகளுக்கெல்லாம் பைங்கிளி இலக்கியம் என்று பெயர் விழுந்தது. விமர்சகர்கள் அதை இளக்காரமாகத்தான் சொன்னார்கள். எனக்கு அந்த இளக்காரத்தில் உடன்பாடு இல்லை. எழுத்துக்கூட்டி மட்டும் படித்துக்கொண்டிருந்த எத்தனையோ பெண்களை முழு நாவல் படிக்க வைத்தவை அந்தத் தொடர்கள். பைங்கிளி தமிழிலும் உள்ள நல்ல சொல். நம்மிடம் அதற்கு ‘குடும்ப நாவல்’ என்ற பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் காதல் கதையையும் மாமியார் மருமகள் கதையையும் ஒன்றாகப் போட்டுக் கட்டிவிடுகிறது.

பரிந்துரை என்று வரும்போதுதான் இதெல்லாம் உயிர் பெறுகிறது. எங்கள் பகுதி வாசகசாலையில் நான் மாலையில் இருப்பதுண்டு. ஒரு நாள் முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் வந்தார். “சாரே, மர்மக் கதை வேண்டாம். ராத்திரி ஒறக்கம் வராது. குடும்பக் கதையாட்டு ஒண்ணு தாங்க” என்றார். குடும்ப நாவல் அடுக்கைக் காட்டினேன். “அதெல்லாம் பணக்கார வீட்டுக் கதையில்லா” என்றார். கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் வைத்தீர்கள் அக்கா என்று கேட்டேன். பெயர் நினைவில்லை, ஆட்கள் பேசுகிற பேச்சு யாரும் பேசாத பேச்சாக இருந்தது, அதனால் வைத்துவிட்டேன் என்றார். சரி, இவர் கேட்பது குடும்பம் என்ற வகைமையை அல்ல, தன் காதில் விழுகிற பேச்சை என்று புரிந்தது. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ எடுத்துக் கொடுத்தேன். 1964-ல் வந்தது. பெருமை தேய்ந்துபோன ஒரு வீடு, அந்த வீட்டுப் பெண் லிஸி, பனையேறி ஒருவரின் மகன் தங்கராஜ். அக்கா நின்றபடியே முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். இரண்டாம் பத்தி வருவதற்குள், “இது நம்ம பேச்சுல்லா!” என்றார்.

அந்த நாவல் என்ன வகைமை? காதல் கதை என்றால் சரி. குடும்பக் கதை என்றாலும் சரி. பனையேறிகளின் வாழ்க்கையைச் சொல்லும் சமூக நாவல் என்றால் இன்னும் சரி. ஆனால் பட்டியல்களில் அதைப் பெரும்பாலும் ‘வட்டார நாவல்’ என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். தோப்பில் முகமது மீரானுக்கும் அதே பெட்டிதான். 1997-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய ‘சாய்வு நாற்காலி’ ஒரு பழைய குடும்பத்தின் வீழ்ச்சியைச் சொல்லும் கதை. குடும்பக் கதை தேடுபவரிடம் அது போய்ச் சேருவதில்லை. கதை தேங்காய்ப்பட்டினத்துப் பக்கம் நடப்பதாலும், பேச்சில் மலையாள வாடை அடிப்பதாலும் அது வட்டாரம் ஆகிவிடுகிறது. சென்னைப் பேச்சில் எழுதியதை யாரும் வட்டார நாவல் என்று சொல்லிக் கேட்டதில்லை. எந்த ஊர்க் கதைக்கும் ஓர் ஊர் உண்டு. வட்டாரம் என்பது கதை நடக்கும் இடத்தைத்தான் சொல்கிறது, படிப்பவரோடு கதை செய்துகொண்ட உடன்பாட்டைச் சொல்லவில்லை. அதனால் அதை வகைமைப் பெயராக வைப்பதை நான் ஏற்பதில்லை. கூடுதல் குறிப்பாக வேண்டுமானால் இருக்கட்டும்.

நூலகத்துக்குப் போய்க் கேட்டால் தெரியாதா என்று சிலர் சொல்வார்கள். சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் நூலகப் புத்தகங்களை எண்ணிட்டு அடுக்க 1933-ல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் இலக்கியத்துக்கு ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து, அதன் பின் மொழிக்கு ஓர் எண், கதை இலக்கியத்துக்கு 3, அப்புறம் எழுத்தாளர் பிறந்த ஆண்டு. துப்பறியும் கதை, சரித்திரக் கதை என்ற பிரிவே அதில் கிடையாது. சுந்தர ராமசாமியும் அசோகமித்திரனும் 1931-ல் பிறந்தவர்கள். அந்த முறைப்படி அடுக்கினால் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்பார்கள். புத்தகத்தை இடம் தெரிந்து எடுப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் எதைப் படிக்கலாம் என்று கேட்டு வருபவருக்கு அந்த எண் ஒன்றும் சொல்லாது. அதற்கு அலமாரிக்கு இந்தப் பக்கம், ஒரே நாவலைப் பல விதமாகவும் படித்த ஓர் ஆள் வேண்டும்.

சொல்லைப் பயன்படுத்துவதில் என் வழக்கம் இது. பேசும்போது “என்ன மாதிரி நாவல்?”, “என்ன வகை?” என்றாலே போதும். யாரும் தடுமாறுவதில்லை. கட்டுரையிலும் நூல் மதிப்புரையிலும் வகைமை என்று எழுதுகிறேன். பன்மையில் வகைமைகள். ஒரு நாவல் இரண்டு மூன்றில் நிற்கும்போது ‘கலப்பு வகைமை’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. முதலில் தூய வகைமை ஒன்று இருந்தது போலவும் பின்னால் ஏதோ கலந்துவிட்டது போலவும் அது காட்டுகிறது. ‘பல வகைமைகளில் நிற்கும் நாவல்’ என்று கொஞ்சம் நீட்டி எழுதினால் குறையொன்றும் இல்லை. ‘இலக்கிய இனம்’ என்று எழுதுபவர்களும் உண்டு. இனம் மறுபடியும் பிறப்புக்கே கொண்டுபோய் விடுகிறது. அதனால் அதைத் தவிர்க்கிறேன். சினிமா பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் ஜானர் என்று கேட்டால் திருத்துவதில்லை. பதில் சொல்லும்போது வகைமை என்று சொல்கிறேன். அடுத்த முறை அவர்களும் அதையே சொல்கிறார்கள்.