கொழும்பில் மாடிவீடு எடுக்க முதல் கடதாசியைப் பாருங்கள்

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் இப்போது அனெக்ஸ் (வீட்டோடு ஒட்டிய சிறு வாடகைப் பகுதி) தேடுவது குறைவு. நாலு பேர் சேர்ந்து கொள்ளுப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ கடல் தெரிகிற தொடர்மாடியில் ஒரு பிளட்டை வாடகைக்கு எடுத்துவிடுகிறார்கள். ஜிம், நீச்சல் தடாகம், வாசலில் செக்யூரிட்டி. பெற்றோருக்கும் நிம்மதி. பிரச்சினை வந்த பிறகுதான் அக்ரிமென்டைத் தூக்கிக்கொண்டு எங்களைப் போன்ற சட்டத்தரணிகளிடம் வருகிறார்கள்.

அந்த அக்ரிமென்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. தரகர் கொடுத்த இரண்டு பக்கப் போட்டோ கொப்பி. பெயர், தொகை, திகதி மட்டும் பேனையால் நிரப்பியிருக்கும். கீழே முத்திரை ஒட்டி, அதன்மேல் கையெழுத்து. காலம் ஒரு வருடம், வைப்புப் பணம் ஆறு மாத வாடகை. நொத்தாரிசின் (உறுதிகள் எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) கையெழுத்தைத்தான் காணக் கிடைக்காது.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை (வீட்டை வாடகைக்குக் கொடுப்பதும் இதில் அடக்கம்), நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதப்பட்டால்தான் செல்லும். முத்திரை ஒட்டிவிட்டால் சட்டப்படி சரி என்று நம்மவர்கள் நினைப்பது எங்கிருந்து வந்ததோ தெரியாது. அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு, “ஒரு வருடத்துக்குத் தந்தீர்களே, நாலாம் மாதம் எப்படி எழும்பச் சொல்லலாம்?” என்று கேட்டு நிற்க முடியாது.

நொத்தாரிசு ஒப்பந்தம் இருந்தாலும் வாசித்துத்தான் கையெழுத்து வைக்க வேண்டும். அப்படி எழுதிய குத்தகை முடிந்தபின் வீட்டை விடாதவரிடமிருந்து உடைமையை விரைவாக மீட்க, 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் உரிமையாளருக்கு வழி கொடுத்திருக்கிறது. ஆகவே எத்தனை நாள் அறிவித்தல், வாடகை பிந்தினால் என்ன, இடையில் நீங்கள் விலகினால் வைப்புப் பணம் என்னாகும் என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள்.

அப்புறம், கையெழுத்து வைப்பவர் யார்? இந்தப் பிளட்டுகளில் பலவற்றின் சொந்தக்காரர்கள் கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருக்கிறார்கள். இங்கே திறப்பு வைத்திருப்பவர் மச்சானோ, நண்பரோ. அவரிடம் அற்றோணித் தத்துவம், அதாவது சொந்தக்காரர் சார்பில் நடக்க எழுதிக் கொடுத்த அதிகாரம், இருக்கிறதா, அதில் வாடகைக்குக் கொடுக்கும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். தத்துவம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அதுவும் முடிந்துவிடும். காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுத்தால் உரிமையாளர் பெயரோடு வங்கி ஈடு (வீட்டை வைத்து எடுத்த கடன்) இருந்தால் அதுவும் தெரியும். ஈடு இருப்பது தவறில்லை. ஆனால் கடன் கட்டாமல் வீடு ஏலத்துக்குப் போனால் நீங்களும் இடையில் மாட்டுப்படுவீர்கள்.

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வளவு வீடு எடுத்தால் வீட்டுக்காரரோடு பேசினால் போதும். தொடர்மாடியில் அவருக்கு மேல் இன்னொரு ஆள் உண்டு, அதுதான் கட்டட மனேஜ்மென்ட். லிப்ட், ஜெனரேட்டர், காவல், நீச்சல் தடாகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதாமாதம் மெயின்டனன்ஸ் பணம் அறவிடுவார்கள். தொடர்மாடி உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி அது உரிமையாளரின் பொறுப்பு. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி அதை உங்கள் தலையில் போட்டுவிடும். சதுர அடிக்கு 30 ரூபா என்று வைத்துக்கொண்டால், 1,100 சதுர அடிக்கு மாதம் 33,000 ரூபா. வாடகை மலிவு என்று தரகர் சொன்னால் முதலில் இதைக் கேளுங்கள். பழைய நிலுவை இல்லை என்று மனேஜ்மென்டிடமிருந்தே ஒரு கடிதம் வாங்குங்கள். சில கட்டடங்களில் மின்சாரமும் மனேஜ்மென்ட் வழியாகத்தான் வரும். அலகுக்கு எவ்வளவு என்பதையும் கேட்டு வையுங்கள்.

வைப்புப் பணத்தைக் கையில் கொடுக்காமல் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். சாமான் கொண்டுபோக முதல் சுவர்க் கசிவு, ஏசி, குளியலறை டைல்ஸ் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அன்றே உரிமையாளருக்கு வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். “பெயின்டுக்கு, ஏசி சேர்விஸுக்கு” என்று பணத்தைக் கழிக்கும்போது உதவுவது அதுதான். வழக்கென்று வந்தால் கொழும்பில்தான் நடக்கும். ஒவ்வொரு தவணைக்கும் இரவு பஸ் ஏற வேண்டும்.

நொத்தாரிசுச் செலவை வழக்கமாக வாடகைக்கு வருபவர்தான் கட்டுகிறார். பாதியை நீங்கள் கட்டுகிறீர்களா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.